ஜனவரி 1, காலை 5:30: ஒரு மகளிர் விடுதியின் வைஃபை லாக் ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள தனியார் கல்லூரியின் மகளிர் விடுதி. தரைத்தளத்தையும் சேர்த்து நான்கு தளங்கள், கிழக்கு விங், மேற்கு விங், சுமார் 400 மாணவிகள், மொத்தம் வைஃபை சிக்னலைப் பரப்பும் 38 ஆக்சஸ் பாயின்ட். இனி ஏபி என்றே எழுதுகிறேன். ஏபிகள் எல்லாம் பி.ஓ.இ. முறையில், அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் எடுத்துக்கொள்பவை. ஒவ்வொரு விங்கிலும் சுவர் ராக்குகளில் (சுவரில் மாட்டிய கருவிப் பெட்டிகளில்) ஸ்விட்ச்கள், அதாவது கேபிள்களை ஒன்றிணைத்து ஏபிகளுக்குக் கரண்டும் கொடுக்கும் நெட்வொர்க் கருவிகள், இருந்தன. நான் அந்தக் கல்லூரியின் ஊழியன் இல்லை, வெளியிலிருந்து பராமரிப்பு ஒப்பந்தத்தில் வந்துபோகிறவன். 2023 ஜூன், ஜூலையில் நடந்தது இது.

பிரச்சினையைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். விடுதிக்குள் ஆண்கள் யாராக இருந்தாலும் காலை 10 முதல் மாலை 4:30 வரைதான் அனுமதி, அதுவும் கூடவே ஓர் அட்டெண்டர் அக்கா வருவார். நியாயமான விதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் வைஃபை பற்றிய புகார் அத்தனையும் இரவு ஏழு மணிக்கு மேல் வருவது. மாணவிகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் நான் போய்ப் பார்த்தால் எல்லா ஏபியிலும் பச்சை விளக்கு எரியும், வேகச் சோதனை போட்டால் முழு வேகம் வரும். வார்டன் மேடம் ஒருமுறை சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "தம்பி, பகல்ல நல்ல புள்ளையாட்டம் இருக்குது. நீங்க கேட்டைத் தாண்டுனதும் வேலையக் காட்டுது."

இன்னொன்று, ஏபிகளை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் மென்பொருள் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அலுவலக உதவியாளர் மாலை ஐந்து மணிக்கு அதை ஒழுங்காக அணைத்துவிட்டுப் போவார், கரண்ட் மிச்சம். கண்ட்ரோலர் இல்லாமலும் ஏபிகள் வேலை செய்யும், அதனால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரவில் என்ன நடந்தது என்று எழுதிவைக்க ஆளே கிடையாது.

முதலில் கவனித்தவை

கல்லூரி திறந்து இரண்டு வாரத்தில் புகார் ஆரம்பித்தது. நெட் சுத்துகிறது, வைஃபை பெயரே காணாமல் போய்த் திரும்ப வருகிறது, ஆன்லைன் தேர்வு பாதியில் நின்றுவிட்டது என்று பலவிதம். நிர்வாகம் இணைய இணைப்பை 200 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 500க்கு உயர்த்தியது. ஒரு மாற்றமும் இல்லை. இதை நான் அப்போதே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், வைஃபை பெயரே மறைகிறது என்றால் அதற்கும் வெளி இணைப்பின் வேகத்துக்கும் தொடர்பு இருக்க முடியாது. சொன்னேன், ஆனால் வாயளவில் சொன்னேன், எழுத்தில் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் விடுதியில் அவர்களே ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். புகார் அதிகமானால் அட்டெண்டர் அக்கா ராக்கின் மெயின் சுவிட்சை அணைத்து, பத்து எண்ணிவிட்டுப் போடுவார். கொஞ்ச நேரத்துக்குச் சரியாகிவிடும். ஏன் சரியானது என்பது பின்னால்தான் புரிந்தது. அப்போதைக்கு எனக்கு அதனால் வந்த நஷ்டம் வேறு: பெரும்பாலான ஏபிகள் தங்கள் லாகை, அதாவது நடந்ததை எழுதிவைக்கும் பதிவை, ரேமில்தான் வைத்துக்கொள்கின்றன, அதுவும் சில பத்து கிலோபைட் அளவுள்ள ஒரு வட்டப் பதிவேடு, நிரம்பினால் பழையது போய்விடும், கரண்ட் போனால் எல்லாமே போய்விடும். மறுநாள் பத்து மணிக்கு நான் போய்த் திறந்தால் காலையில் எழுந்து பல் தேய்த்த கதை மட்டும்தான் இருக்கும். இரவின் தடயம் ஒரு வரிகூட இருக்காது.

ஆகவே, லாகை ஏபிக்கு வெளியே, அணையாத ஓர் இடத்துக்கு அனுப்ப வேண்டும். இரவில் நான் அங்கே இருக்க முடியாது, லாக் இருக்கலாம்.

என்ன அமைத்தோம், ஏன் அப்படி

புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. லேபில் ஓரங்கட்டிய பழைய டெஸ்க்டாப் ஒன்று, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சர்வர் அறையில் யுபிஎஸ்ஸில் மாட்டி டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டேன். அந்தப் பதிப்பிலிருந்து, சிஸ்லாக் முறையில் வரும் லாகை வாங்கி ஃபைலில் எழுதும் ஆர்சிஸ்லாக் மென்பொருள் தானாக நிறுவப்படுவதில்லை, தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய பழக்கத்தில் கான்ஃபிகரேஷன் ஃபைலைத் தேடி அரைமணி நேரம் விரயம்.

சிஸ்லாக் என்பது 1980-களில் எரிக் ஆல்மன், செண்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக எழுதியது. அது வளர்ந்து வளர்ந்து இன்று ஸ்விட்ச், ரவுட்டர், ஏபி, பிரிண்டர் என்று எல்லாவற்றுக்கும் பொது மொழியாகிவிட்டது. நம் ஏபிகளில் இருந்த வசதி மிக எளிது: லாக் சர்வரின் ஐபி முகவரி, போர்ட் எண் 514, எந்த அளவு தீவிரம் வரை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் யுடிபி முறை மட்டும்தான் உண்டு. சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபியோ, 6514 போர்ட்டில் டிஎல்எஸ் என்ற குறியாக்கப் பூட்டோ அந்த மாடலில் கிடையாது. ஏபிகள் பெரும்பாலும் தனி நிர்வாக விலேனில் (அதே கேபிள்களில் தனியாகப் பிரித்துவைத்த நெட்வொர்க்கில்) இருந்ததால், சர்வருக்கும் அதே விலேனில் ஒரு காலை ஊன்றிவிட்டால் போதும் என்று முடிவு செய்தோம். பூட்டில்லாத யுடிபி லாகைப் பொது நெட்வொர்க் வழியாகவோ இணையம் வழியாகவோ அனுப்புவதாக இருந்தால் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒவ்வொரு ஏபிக்கும் ஒரு தனி ஃபைல், நாளுக்கு ஒருமுறை சுழற்சி, பழையவற்றைச் சுருக்கி வைப்பது. ஃபைலின் பெயருக்கு ஏபி தன்னைப் பற்றிச் சொல்லும் ஹோஸ்ட் பெயரை எடுக்கவில்லை, தகவல் பொட்டலம் வந்த ஐபி முகவரியை எடுத்தேன். காரணம் சிரிப்பாக இருக்கும், 38 ஏபிக்கும் கம்பெனியில் வைத்த ஒரே பெயர், யாரும் மாற்றவில்லை. ஐபி மாறாமல் இருக்க, முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஹெச்சிபியில் ஒவ்வொன்றுக்கும் நிரந்தர முகவரி ஒதுக்கினோம். இதைச் செய்யாவிட்டால் இன்று மாடி ஏபியின் ஃபைலில் நாளைக்குச் சமையலறை ஏபி எழுதும்.

அமைத்த அன்று 38-இல் 31தான் பேசின. யுடிபியின் குணம் அது, போய்ச் சேராவிட்டாலும் அனுப்பியவனுக்குத் தெரியாது, ஏபியின் திரையில் எல்லாம் சரி என்றுதான் காட்டும். சர்வரில் பொட்டலங்களைப் பிடித்துப் பார்த்ததும் அந்த ஏழும் சர்வர் வரைக்கும் வரவே இல்லை என்பது தெரிந்தது. ஐந்து ஏபிகள் வேறொரு பழைய விலேனில் இருந்தன, அங்கிருந்து சர்வருக்கு வரும் வழியில் ஸ்விட்ச்சின் அனுமதிப் பட்டியல் 514-ஐத் தடுத்திருந்தது. மீதி இரண்டில் நானே கடைசி எண்ணைத் தப்பாக அடித்திருந்தேன்.

லாகின் தீவிர நிலைகள் 0 முதல் 7 வரை, 0 என்றால் வீடே பற்றி எரிகிறது, 7 என்றால் டீபக், தும்மினால்கூட எழுதும். ஆர்வக்கோளாறில் எல்லா ஏபியிலும் 7 வைத்தேன். ஒரே ராத்திரியில் 2 ஜிபிக்கு மேல் வந்து கொட்டியது, அதில் எதையும் கண்ணால் தேட முடியவில்லை. மறுநாளே 6-க்கு, அதாவது தகவல் நிலைக்குக் குறைத்தேன். அதன் பிறகு 38 ஏபிக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 30 எம்பிக்குள் நின்றது, சுருக்கினால் அதில் பத்தில் ஒரு பங்குதான்.

முதல் வாரம்: பாதி உண்மை

மூன்றாம் நாளே ஒரு மீன் சிக்கியது. மேல் தளத்தில் இரண்டு ஏபிகள், ரேடார் கண்டறியப்பட்டது என்று இரவும் பகலுமாக எழுதிக்கொண்டிருந்தன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 52 முதல் 64 வரையிலும் 100 முதல் 144 வரையிலும் உள்ள சானல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அங்கே ரேடார் போல எதையாவது கேட்டால் ஏபி உடனே சானலைக் காலி செய்ய வேண்டும், அரைமணி நேரத்துக்கு அந்தச் சானலுக்குத் திரும்பக் கூடாது, போகும் புதுச் சானலும் அதே வகையாக இருந்தால் ஒரு நிமிடம் வாய்மூடிக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கலாம். இதற்கு டிஎஃப்எஸ் என்று பெயர். அந்த ஒரு நிமிடம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மறைந்துவிடும். கேட்டது நிஜ ரேடாரா, ஏபியின் பிரமையா என்று லாக் சொல்லாது. அந்த இரண்டையும் 36-48, 149-161 சானல்களுக்குள் கட்டிப்போட்டேன்.

மேல் தளப் புகார் அடங்கியது. நான் வேலை முடிந்தது என்று நினைத்து அறிக்கைகூட எழுத ஆரம்பித்துவிட்டேன்.

கிழக்கு விங்கின் இரண்டாம் தள மாணவிகள் ஒத்துக்கொள்ளவில்லை. வார்டன் மேடம் போனில், "மேல எல்லாம் சரிங்க தம்பி, கிழக்கால ரூம்காரப் புள்ளைங்க இன்னைக்கும் வந்து நின்னாங்க" என்றார். லாகைப் பார்த்தேன். முந்தைய நாள் தேதியைப் போட்டு கிழக்கு விங் ஏபிகளின் ஃபைல்களில் தேடினேன். மாலை ஏழு வரை சாதாரண வரிகள், ஒரு கருவி இணைந்தது, விலகியது, சாவிப் பரிமாற்றம் முடிந்தது, இப்படி. ஏழுக்கு மேல் ஆறு ஏபிகளில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எச்சரிக்கை இல்லை, பிழை இல்லை.

இங்கேதான் நான் தவறினேன். ஒன்றும் இல்லை என்பதை எல்லாம் சரியாக இருக்கிறது என்று படித்தேன். மாணவிகள் அந்த நேரத்தில் மொபைல் டேட்டாவுக்குப் போயிருப்பார்கள், அதனால்தான் அமைதி என்று எனக்கு நானே ஒரு விளக்கமும் கொடுத்துக்கொண்டேன். ஐந்து நாள் இப்படியே போனது. எந்த ஏபிகள் விழுந்து எழுந்துகொண்டிருந்தனவோ அவைதான் என் பட்டியலில் மிகவும் சுத்தமானவையாக இருந்தன.

எட்டாம் நாள்

எந்த ஏபி அதிகம் பேசுகிறது என்று பார்க்க ஃபைல்களின் மொத்த வரிகளை எண்ணினேன். கிழக்கு விங்கின் அந்த ஆறு ஃபைல்கள் மற்றவற்றைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், ஏனென்றால் இரவில் அவை பேசவே இல்லையே. பார்த்தால் அவைதான் பெரியவை. தேதி போட்டுத் தேடினால் சில நூறு வரிகள், மொத்தமாக எண்ணினால் பல ஆயிரம். ஃபைலைத் தேடாமல், அப்படியே திறந்து உருட்டிப் பார்த்தேன். ஜூலை மாத வரிகளுக்கு நடுவே ஜனவரி 1 என்று எழுதிய வரிகள் கத்தை கத்தையாகக் கிடந்தன. ஜனவரி 1, காலை 05:30:38. அப்புறம் 05:30:39. அப்படியே போய் இணைந்தது, விலகியது என்று வழக்கமான பேச்சு, எல்லாம் ஜனவரி 1 காலையில்.

விஷயம் இதுதான். இந்த ஏபிகளில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. கரண்ட் போய் எழுந்தால் நேரம் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் நேரக் கணக்கின் தொடக்கத்துக்கு, 1970 ஜனவரி 1 நள்ளிரவுக்குப் போய்விடும். அது கிரீன்விச் நேரம், நம் நேரமண்டலம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் காலை 5:30. நெட்வொர்க் வந்ததும், கருவிகள் நேரம் கேட்டு வாங்கும் முறையான என்டிபி மூலம் சரியான நேரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் நிர்வாக விலேனுக்கு இணையமே கிடையாது, பாதுகாப்புக்காக நாங்களே மூடியது. நேரம் சொல்லிக்கொண்டிருந்தது கண்ட்ரோலர். அது இருந்த கம்ப்யூட்டர் மாலை ஐந்துக்குத் தூங்கிவிடும். ஆகவே இரவில் விழுந்து எழுந்த ஒவ்வொரு ஏபியும் மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்வரை 1970-இலேயே வாழ்ந்துகொண்டிருந்தது. ஆர்சிஸ்லாக் வழக்கமான அமைப்பில் அனுப்பியவர் சொன்ன நேரத்தையே ஃபைலில் எழுதும். பழைய சிஸ்லாக் வடிவத்தில், 2001-இல் ஆர்எஃப்சி 3164 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விவரித்த வடிவத்தில், வருடமே கிடையாது, மாதமும் நாளும் மணியும்தான். 1970 என்று எழுதியிருந்தால் கண்ணில் குத்தியிருக்கும். வெறும் ஜனவரி 1 என்பது ஏதோ பழைய வரி என்று தாண்டிப்போக வைத்தது. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 வருடத்தையும் நேரமண்டலத்தையும் சேர்த்துச் சொல்லும், ஆனால் நம் ஏபிகளுக்கு அந்தப் பேச்சு தெரியாது.

உடனே இரண்டு மாற்றம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சர்வருக்கு வந்துசேர்ந்த நேரத்தை எழுதும்படி ஆர்சிஸ்லாக்கின் டெம்ப்ளேட்டை மாற்றினேன், ஏபி சொல்லும் நேரமும் பின்னால் இருக்கட்டும், இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் அதுவே ஒரு செய்தி. அப்புறம் அதே சர்வரில் க்ரோனி என்ற நேர மென்பொருளைப் போட்டு, அதை மத்திய அரசு அமைப்புகளான என்ஐசி, என்பிஎல் ஆகியவற்றின் நேர சர்வர்களோடு இணைத்து, ஏபிகளுக்கு இதுதான் இனி கடிகாரம் என்று சொன்னோம்.

அன்றிரவு வீட்டிலிருந்து விபிஎன்னில் நுழைந்து ஃபைல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு மணி கடந்து சில நிமிடங்களில் முதல் ஏபி எழுந்த வரிகள் வந்தன. பிறகு பக்கத்து ஏபி. ஒரே ஏபி அன்று இரவு பதினொரு முறை பூட் ஆனது. கடைசி பூட் 11:50 வாக்கில். அதன் பிறகு காலைவரை அமைதி, இம்முறை நிஜ அமைதி.

காரணத்தைத் தேடியது

மென்பொருள் தானாக ரீபூட் ஆனால் பொதுவாகப் போகிறேன் என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போகும், சேவைகளை நிறுத்தும் வரிகள் வரும். இங்கே பேச்சு நடுவில் அறுந்து, நேராகப் பூட் வரிகளில் தொடங்கியது. மென்பொருளின் அடித்தளமான கெர்னல் சட்டென்று விழுந்தாலும் இப்படித் தெரியலாம், ஆனால் ஒரே மாடலில் 38 இருக்க இந்த ஆறு மட்டும், அதுவும் இருட்டிய பிறகு மட்டும் விழுவதற்குக் கரண்ட்தான் பொருத்தமான காரணம். சனி ஞாயிறு பாதிப்பேர் ஊருக்குப் போன இரவுகளில் ஒன்றிரண்டு பூட் மட்டும் இருந்ததும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் பகலில் போய் ராக்கைத் திறந்தேன். அந்த ஆறும் ஒரே ஸ்விட்ச்சில், 16 முதல் 21 வரையிலான போர்ட்களில், வரிசையாக. 1 முதல் 9 வரை புதுக் கேபிள்கள். மே விடுமுறையில் சிசிடிவிக்காரர்கள் வந்து ஒன்பது கேமரா மாட்டியிருந்தார்கள், தங்கள் கேபிள்கள் அழகாக வரிசையில் இருக்கட்டும் என்று ஏபி கேபிள்களைப் பின்னால் தள்ளிவிட்டு முன்வரிசையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் ஜூனில் ராக்கைத் திறந்து பார்க்கவில்லை. கூட நின்ற விடுதி எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் போகிறபோக்கில் சொன்னார், "இந்த கேமராவெல்லாம் ராத்திரி ஆனா செவசெவன்னு கண்ணு முழிக்குமுங்க, புள்ளைங்க முதல்ல பயந்துடுச்சுங்க."

அது அகச்சிவப்பு எல்ஈடி. வெளிச்சம் குறைந்ததும் கேமரா அதைப் போட்டுக்கொள்ளும், அதற்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். ஸ்விட்ச்சின் பக்கத்தைத் திறந்தேன். மொத்த பி.ஓ.இ. கொள்ளளவு 185 வாட். பகல் 11 மணிக்கு ஒரு கேமரா 4 வாட், ஓர் ஏபி 9 வாட் அளவில் எடுத்துக்கொண்டிருந்தன. ஒன்பது கேமரா, பன்னிரண்டு ஏபி, சுமார் 144 வாட். தாராளம். இரவில் கேமரா 8 வாட்டுக்கும், மாணவிகள் எல்லோரும் அறைக்கு வந்து வீடியோ பார்க்கும்போது ஏபி 11, 12 வாட்டுக்கும் போனால் கூட்டுத்தொகை 200-ஐத் தாண்டும். எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே முன்னுரிமை வைத்திருந்தால் இந்த ஸ்விட்ச் எண்ணில் பின்னால் இருக்கும் போர்ட்டை முதலில் வெட்டும். வெட்டியதும் கொஞ்சம் இடம் கிடைக்கும், திரும்பக் கொடுக்கும், ஏபி எழும், மாணவிகள் இணைவார்கள், மீண்டும் தாண்டும், மீண்டும் வெட்டும்.

ராக்கை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாவதன் ரகசியமும் இதுதான், எல்லோரும் துண்டிக்கப்பட்டதால் ஏபிகளின் சுமை குறைந்தது. பத்தரைக்கு மேல் அணைத்துப் போட்டால் பலர் அப்படியே தூங்கிவிடுவார்கள், மருந்து வேலை செய்துவிட்டதாகத் தோன்றும்.

ஊகத்தை உறுதிசெய்ய அந்த ஸ்விட்ச்சின் லாகையும் அதே சர்வருக்குத் திருப்பினேன். மூன்று நிமிட வேலை. அன்று மாலை ஏழு அடித்ததும் ஸ்விட்ச்சே எழுதியது: மின் கொள்ளளவு தாண்டியது, போர்ட் 21-க்கு மறுப்பு. சில நொடிகளில் அந்தப் போர்ட்டின் ஏபி மௌனம். இரண்டு ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வேறு எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

எடுத்த முடிவு

எளிதான வழி ஒன்று இருந்தது, ஏபி போர்ட்களுக்கு உயர் முன்னுரிமை கொடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் இரவில் கேமராக்கள் அணையும். மகளிர் விடுதியில் இரவு கேமராவை அணைத்து வைஃபை கொடுக்க முடியாது, அதைப் பரிந்துரைக்கவே இல்லை. அன்றைக்கு என்னிடம் இருந்த, கேபிளில் தனியாகக் கரண்ட் செலுத்தும் பி.ஓ.இ. இன்ஜெக்டர்கள் மூன்றை வைத்து மூன்று ஏபிகளை ஸ்விட்ச்சின் கரண்டிலிருந்து விடுவித்தேன். ஒரு வாரத்தில் கேமராக்களுக்கென்று தனியாகச் சின்ன பி.ஓ.இ. ஸ்விட்ச் வாங்கி மாட்டினார்கள். கண்ட்ரோலரையும் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து லாக் சர்வருக்கே மாற்றினோம். அந்தப் பெட்டியின் மேல் அணைக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியது அட்டெண்டர் அக்காதான்.

லாகை யார் பார்ப்பது

இது நான் எதிர்பார்க்காத பகுதி. லாகில் எழுதியிருப்பது ஏபியின் நலம் மட்டும் கிடையாது. எந்தப் போன் எந்த நேரத்தில் எந்த ஏபியோடு இணைந்தது என்பதும் இருக்கிறது, ஏபி எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் போன் வைத்திருப்பவர் எந்த வராண்டாவில் இருந்தார் என்பதும் தெரியும். வேலை முடிந்த மகிழ்ச்சியில் நான் வார்டன் மேடத்துக்குத் திரையைக் காட்டினேன். அது தேவையில்லாத வேலை. இரண்டு நாள் கழித்து அவர் கேட்டார், "ராத்திரி ஒரு மணிக்கு யார் யார் முழிச்சிருக்காங்கன்னு இதுல பார்க்கலாமா தம்பி?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவர் பொறுப்பில் 400 பேர்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு காரணம் தொழில்நுட்பம்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) காட்டுகின்றன, லாகில் உள்ள எண்ணை வைத்து ஆளைச் சொல்வது எளிதில்லை. ஆனால் இந்தக் காரணத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது, ஏனென்றால் அந்தப் பொய் முகவரி அதே வைஃபைக்குப் பெரும்பாலும் மாறாமல் இருக்கும், முயன்றால் பொருத்திவிடலாம். அதனால் முதல்வரிடம் நேராகப் பேசினேன்: பழுது பார்க்க என்று சொல்லி எடுத்த பதிவு இது, கண்காணிக்க என்று எடுக்கவில்லை, மாணவிகளுக்கும் அப்படிச் சொல்லவில்லை. லாக் சர்வரில் நுழைய எனக்கும் கல்லூரியின் சிஸ்டம் அட்மினுக்கும் மட்டும் அனுமதி, வேறு யாருக்காவது எதையாவது எடுத்துக் கொடுப்பதென்றால் முதல்வரின் எழுத்துமூலமான உத்தரவு வேண்டும் என்று முடிவானது. எவ்வளவு நாள் வைப்பது என்ற கேள்விக்கு, 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்வதால் அதையே எடுத்துக்கொண்டோம். 181-ஆம் நாள் தானாக அழியும்.

வார்டன் மேடம் கொஞ்ச நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அதன் பின்

தனி ஸ்விட்ச் வந்த பிறகு கிழக்கு விங்கின் இரவுப் பூட் வரிகள் நின்றன. புகார்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தன, பூஜ்யம் ஆகவில்லை. தரைத்தள மூலையறை மாணவிகள் சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், லாகில் அதற்கு ஒரு தடயமும் இல்லை. இணையவே முடியாத போனைப் பற்றி ஏபிக்குத் தெரியாது, தெரியாததை அது எழுதாது. அந்த வராண்டாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்துத்தான் ஓர் ஏபியை நான்கு மீட்டர் நகர்த்தினோம்.

மறுபடி செய்வதென்றால்

நேரத்திலிருந்து தொடங்குவேன். என்டிபி சரியாகும்வரை ஒரு வரி லாகும் வாங்க மாட்டேன், சர்வருக்கு வந்த நேரத்தை முதல் நாளிலிருந்தே எழுதுவேன். ஏபி லாக் கேட்டார்கள் என்று ஏபி லாக் மட்டும் எடுத்தது குறுகிய புத்தி, ஸ்விட்ச்சும் சேர்ந்து பேசியிருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

அமைத்த அன்றே ஓர் ஏபியின் கேபிளை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு, அந்தச் சாவு லாகில் எப்படித் தெரிகிறது என்று பார்த்திருக்க வேண்டும். அந்தச் சோதனையை மாலை ஐந்துக்கு மேல் யாராவது அக்காவை விட்டுச் செய்யச் சொல்லியிருந்தால் முதல் நாளே அந்த ஜனவரி 1 வரிகள் முகத்தைக் காட்டியிருக்கும். இப்போது இதற்கென்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது: எந்த ஏபி ஆறு மணி நேரம் வாயே திறக்கவில்லை, எந்த ஏபியின் சொந்த நேரம் சர்வர் நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கிறது, எது நேற்று பூட் ஆனது என்று தினமும் காலையில் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். பெரும்பாலான நாள் அது காலியாக வரும். காலியாக வந்தாலும் வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன், வராவிட்டால் ஸ்கிரிப்ட் செத்துவிட்டது என்று அர்த்தம்.

மெஸ் ஹாலில் உள்ள ஏபி மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூட் ஆகிறது. அது வேறு ஸ்விட்ச், கரண்ட் தாராளமாக இருக்கிறது, கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று. அதன் லாகை மட்டும் இப்போது 7-இல் வைத்திருக்கிறேன்.